17சி எங்கே, தம்பி?

அன்புள்ள ஐயா,

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். எங்கள் வேட்பாளர் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் ‘மெஷினில் ஏதோ செய்துவிட்டார்கள்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல என் கையிலும் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். சாவடியில் பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் வாங்கவில்லை.

என் கேள்வி வேறு. சுமார் 40 சதவீத ஓட்டு வாங்கிய அணிக்கு 75 இடம். 45 சதவீதம் வாங்கிய அணிக்கு 159 இடம். இது என்ன நியாயம்? விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தால்தானே மக்கள் தீர்ப்பு சரியாகத் தெரியும்? விரிவாக எழுதுங்கள். பெயர் வேண்டாம். வயது 29. மறுபடியும் ஏஜென்டாக உட்காரச் சொல்கிறார்கள். போவதா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக.

தொகுதியில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே இடம் என்ற முறையில் சதவீதமும் இடமும் பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று அந்த முறை யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. 1967இல் காங்கிரசும் தி.மு.க.வும் ஏறக்குறைய 41 சதவீதத்தை ஒட்டியே வாங்கின. காங்கிரசுக்கு ஒரு நூல் கூடவே. இடமோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. காங்கிரஸ் மாநிலம் முழுக்கத் தனியாக நின்றது, தி.மு.க. 174 தொகுதிகளில் மட்டும் நின்று மற்றதைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்தது. நின்ற இடத்தில் குவிந்த ஓட்டு ஜெயித்தது, எல்லா இடத்திலும் பரவிய ஓட்டு தோற்றது. 2016இல் இரண்டு பெரிய அணிகளுக்கும் நடுவே ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய வித்தியாசம்தான். ஆட்சி ஒரு பக்கம், எதிர்க்கட்சி வரிசை மறுபக்கம். இதை மாற்ற வேண்டும் என்பவர்கள் சொல்வதில் சாரம் உண்டு. அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

உங்கள் கையில் இருந்தது 17சி. அதை விட்டுவிட்டு வந்ததை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. ஒவ்வொரு தேர்தல் முடிவுக்கும் பிறகு எழும் கூச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. ‘மெஷினில் மோசடி’ என்று மேடையில் முழங்கும் கட்சியிடம் தொகுதியின் எல்லாச் சாவடிகளின் 17சி நகலையும் கேட்டுப் பாருங்கள். பாதிகூடத் தேறாது.

அது என்ன தாள் என்று உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் கட்சி உங்களுக்குச் சட்டையில் குத்தப் பேட்ஜ் கொடுத்திருக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்திருக்கும். இதைச் சொல்லியிருக்காது. ஆகவே நான் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49எஸ் என்று ஒரு விதி. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை வாக்குப்பதிவு அலுவலர், அதாவது நீங்கள் பி.ஓ. என்று சொல்பவர், படிவம் 17சியின் முதல் பகுதியை நிரப்ப வேண்டும். சாவடிக்கு ஒதுக்கப்பட்ட வாக்காளர்கள் எத்தனை, 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை, கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போட மாட்டேன் என்று போனவர்கள் எத்தனை, ரகசியத்தை மீறியதற்காக அனுமதிக்கப்படாதவர்கள் எத்தனை, கருவி தப்பாகப் பதிகிறது என்று புகார் சொன்னவர் போட்ட சோதனை ஓட்டு இருந்தால் அது எத்தனை, கடைசியில் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் மொத்த ஓட்டு எத்தனை என்று அதில் இருக்கும். டெண்டர் ஓட்டுச் சீட்டுக் கணக்கு (தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டால் கொடுக்கும் தாள் சீட்டு) இருக்கும். எந்த எண் உள்ள கருவிகள் பயன்பட்டன, எந்த எண் உள்ள காகித முத்திரைகள் ஒட்டப்பட்டன, எத்தனை மிச்சம், எத்தனை கிழிந்தது என்பது வரை இருக்கும். இதன் சான்றொப்பமிட்ட நகலை அந்த நேரத்தில் அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் கொடுத்து, வாங்கியதற்கு ரசீதும் பெற வேண்டும். அங்கே இருக்கும் ஏஜென்ட் என்பதைக் கவனியுங்கள். ஐந்தரைக்குக் கிளம்பியவருக்கு இல்லை. 2021இல் வாக்குப்பதிவு இரவு ஏழு மணி வரை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, 17சி விவரங்களைச் சாவடிவாரியாக இணையத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். தேர்தல் ஆணையம் சொன்ன பதில், அந்தப் படிவத்தை ஏஜென்டுக்குக் கொடுக்கத்தான் சட்டம் சொல்கிறது, வேறு யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை என்பது. மே 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு எதுவும் போட மறுத்துவிட்டது. மறுநாள் ஆணையம் முடிந்த ஐந்து கட்டங்களுக்குத் தொகுதிவாரி ஓட்டு எண்ணிக்கையை வெளியிட்டது, சாவடிவாரியாக இல்லை. ஆணையத்தின் வாதம் சரியா தவறா என்பதை விடுங்கள். அதன்படி பார்த்தால் உங்கள் சாவடியின் அந்த எண்ணை அன்றே, எழுத்தில், கையெழுத்தோடு கேட்டு வாங்கும் உரிமை வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்கு மட்டும்தான். நாட்டில் பெரிய பெரிய வழக்கறிஞர்கள் கேட்டும் கிடைக்காதது உங்களுக்கு மேசை மேல் வைத்துக் கொடுக்கப்படுகிறது. நீங்கள் எழுந்து போனது, கிரயம் முடித்துவிட்டுப் பத்திரத்தைச் சார்பதிவாளர் மேசையிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

கோபப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காலை ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவுக்குப் போய் உட்கார்ந்திருப்பீர்கள். பன்னிரண்டு மணி நேரம் மர பெஞ்சில். யாரும் மாற்றிவிட வந்திருக்க மாட்டார்கள். விதிப்படி ஒரு வேட்பாளர் ஒரு சாவடிக்கு ஓர் ஏஜென்டும் இரண்டு மாற்று ஏஜென்டுகளும் வைக்கலாம், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர். அந்த மாற்று ஆட்களைப் பெரும்பாலும் பேப்பரில்தான் பார்க்க முடியும். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஆனால் கடைசி ஒன்றரை மணி நேரம்தான் அந்த நாளின் கனமான நேரம் என்பது தெரிந்திருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள்.

இனிமேல் உட்கார்ந்தால் செய்ய வேண்டியது இது. காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போடுவார்கள். அது முடிந்ததும் ‘க்ளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘கிளியர்’ என்று மூன்று பொத்தான்களும் வரிசையாக அழுத்தப்படுகின்றனவா, கருவி பூஜ்யம் காட்டுகிறதா, விவிபாட், அதாவது போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவியின் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்து உறையில் போட்டு முத்திரை வைக்கிறார்களா என்று பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும் பச்சைக் காகித முத்திரையின் எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.ஓ. எண்ணிக்கையை மேலே சொல்வார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். அந்த டோக்கன் எத்தனை என்று எழுதுங்கள். (மாலையில் டிவியில் சொன்ன சதவீதம் மறுநாள் ஏறிவிட்டது என்று குதிப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.) கடைசி ஓட்டு விழுந்ததும் உங்கள் கண் முன்னால் ‘க்ளோஸ்’ அழுத்த வேண்டும். திரையில் தெரியும் மொத்தத்தை எழுதுங்கள். அதே எண்தானா 17சியில் ஏறுகிறது என்று பாருங்கள். நகலில் பி.ஓ. கையெழுத்து இருக்கிறதா, எண்கள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்து என்றதும் ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கே ‘அப்புறம் கூட்டமாகிவிடும் சார், இப்பவே போட்டுடுங்க’ என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல சாவடிகளில் உண்டு. அலுவலருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ராத்திரி பெட்டியை ஒப்படைக்க அவர் வரிசையில் நிற்க வேண்டும். ஆனாலும் போடாதீர்கள். எண் இல்லாத தாளில் நீங்கள் போடும் கையெழுத்து, பிறகு அதில் எந்த எண் ஏறினாலும் அதற்கு நீங்கள் சாட்சி என்று சொல்லும்.

இனி எண்ணும் நாள். அங்கேதான் அந்தத் தாள் பேசும்.

வழக்கமாக ஒரு கூடத்தில் 14 மேசை. ஒரு சுற்றுக்கு 14 சாவடி. 300 சாவடி உள்ள தொகுதி என்றால் 22 சுற்று. சாவடி எண் வரிசைப்படி வரும்: முதல் மேசைக்கு முதல் சுற்றில் 1ஆம் சாவடி, இரண்டாம் சுற்றில் 15, பிறகு 29, பிறகு 43. ஆகவே 17சி நகல்களைக் கட்டாகத் தலைமை ஏஜென்டிடம் கொடுத்து வைப்பதில் பயனில்லை. மேசைவாரியாகப் பிரித்து, எந்த மேசைக்கு யார் உட்காருகிறாரோ அவரிடம் அந்த வரிசையில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதியில் மேசை எத்தனை என்பதைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் 14 இருக்காது. கைப்பேசி உள்ளே போகாது. படம் எடுத்து வாட்ஸப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் வாசலிலேயே வெறுங்கையராகிவிடுவார். தாள் வேண்டும், பேனா வேண்டும்.

கருவி மேசைக்கு வந்ததும் முதலில் கருவி எண், பிறகு முத்திரை எண், பிறகு மொத்தம். மூன்றும் உங்கள் தாளோடு பொருந்தினால், அந்தச் சாவடியில் பெட்டியை மாற்றினார்கள், நடுராத்திரியில் ஓட்டுச் சேர்த்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் ஆட்களிடம் நீங்களே அடித்துச் சொல்லலாம். பொருந்தாவிட்டால் அது எந்த மாதிரிப் பொருந்தாமை என்று பாருங்கள். மொத்தம் ஐம்பது சொச்சம் கூடுதலாக இருந்தால் காலையில் மாதிரி ஓட்டை அழிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு குறைவாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தாமல் போனவர்கள் சரியாகக் கணக்கில் ஏறவில்லை. 647 என்பது 674 ஆகியிருந்தால், காலையிலிருந்து வேலை செய்த ஒரு பள்ளி ஆசிரியர் ராத்திரி எட்டு மணிக்கு எழுதிய எழுத்து அது. கருவி எண்ணே வேறு என்றால்தான் நிஜமாகவே பெரிய விஷயம். நாலையும் ஒரே பெயரில் ‘மோசடி’ என்று கூப்பிடுவதால் நாலில் எதற்கும் பதில் வராமல் போகிறது.

பொருந்தாத இடத்தில் சத்தம் போடாதீர்கள். சாவடி எண், கருவி எண், 17சி மொத்தம், கருவி காட்டும் மொத்தம் என்று இரண்டு வரி எழுதித் தேர்தல் நடத்தும் அலுவலர் மேசையில் இருக்கும் உங்கள் தலைமை ஏஜென்ட் வழியாகக் கொடுத்து, நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கருவியை அலுவலர் தன் பொறுப்பில் தனியே வைத்துவிட்டு மற்றதை எண்ணிக்கொண்டே போவார். ‘க்ளோஸ்’ அழுத்த மறந்த கருவிக்கும் இதே கதிதான். அது ரிசல்ட் காட்டாது. 2021இல் இருந்த முறைப்படி, எல்லாம் முடிந்தபின் முதல் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம், தனியே வைத்த கருவிகளில் விழுந்த மொத்த ஓட்டைவிட அதிகம் என்றால் அவற்றைத் தொட மாட்டார்கள். குறைவு என்றால் அந்தச் சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணித்தான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் தொகுதியை வைத்துப் பாருங்கள். 2021இல் கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்தார்கள். எழுபது சொச்சம் சதவீதம் என்றால் ஒரு கருவியில் ஏழு நூறு ஓட்டு. உங்கள் வேட்பாளர் தோற்றது ஆயிரத்துக்குள். இரண்டே இரண்டு சாவடியில் கணக்குப் பொருந்தவில்லை என்று எழுத்தில் காட்டியிருந்தால் சீட்டை எண்ணியிருக்க வேண்டும். அப்படி இருந்ததா? இல்லாமலும் இருக்கலாம், எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை உங்கள் கட்சி தானே அடைத்துக்கொண்டது. அதே தேர்தலில் தி.நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. இப்படி முடிவு தொங்கும் இடத்தில் ஒவ்வொரு சாவடிக் கணக்கும் உயிர்.

மறு எண்ணிக்கை கேட்டோம், கொடுக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். விதி 63ஐ யாராவது படித்தார்களா? மொத்தம் அறிவித்தவுடன், படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில் கையெழுத்து விழுவதற்குள், எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். கையெழுத்து விழுந்தபின் விண்ணப்பத்தை வாங்கவே முடியாது. ‘சந்தேகமாக இருக்கிறது’ என்பது காரணம் ஆகாது. கருவியை மறுபடி எண்ணுவது என்றால் ‘ரிசல்ட்’ பொத்தானை மறுபடி அழுத்துவது. அதே எண்தான் வரும். தப்பு நேர்வது மேசையிலிருந்து மேலே தாளில் ஏறும்போது: ஒரு வேட்பாளரின் ஓட்டு அடுத்த வரிசையில் ஏறுவது, ஒரு சாவடி விடுபடுவது, கூட்டல் பிசகுவது. அதைப் பிடிக்க உங்கள் மேசை ஏஜென்ட் ஒவ்வொரு சுற்றிலும் எழுதிய எண் வேண்டும். சீட்டை எண்ணச் சொல்லவும் வழி உண்டு. விதி 56டியின்படி எந்தச் சாவடியின் விவிபாட் சீட்டையும் எண்ணக் கேட்டு மனுக் கொடுக்கலாம், ஏற்பதும் மறுப்பதும் அலுவலர் முடிவு. எண்ணி, கருவியோடு மாறினால் சீட்டுக் கணக்குதான் செல்லும். 2019 முதல் குலுக்கலில் ஐந்து சாவடிச் சீட்டை எப்படியும் எண்ணுகிறார்கள். அந்த ஐந்துக்கு வெளியே வேண்டுமானால், இந்தச் சாவடி ஏன் என்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ராதாபுரத்தைப் பாருங்கள். 2016இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றார். அப்பாவு தரப்பு பொத்தாம்பொதுவாக மோசடி என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 203 தபால் ஓட்டைத் தள்ளினார்கள், தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லாது என்றார்கள், அது செல்லும்; 19, 20, 21ஆம் சுற்றுகளில் பிரச்சினை. இப்படி எண்ணிக்கையோடு, சுற்று எண்ணோடு போனார்கள். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 203ஐயும் அந்த மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட, அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. 2021இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவராகவே உட்கார்ந்துவிட்டார். தாமதம் அநியாயம்தான், அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றக் கதவு திறந்தது எண்களுக்காக.

தபால் ஓட்டு தனிக் கதை. சுருக்கமாக: வாக்காளர் கையெழுத்திட்டு அனுப்பும் 13ஏ உறுதிமொழி இல்லாவிட்டால், அதில் சான்றொப்பம் இல்லாவிட்டால், அதில் உள்ள வரிசை எண் உள் உறையோடு பொருந்தாவிட்டால் உள் உறையைத் திறக்காமலே தள்ளுவார்கள். வெற்றி வித்தியாசம் தள்ளிய தபால் ஓட்டைவிடக் குறைவு என்றால் தள்ளிய எல்லாவற்றையும் அறிவிப்புக்கு முன் மறுபடி பார்த்தாக வேண்டும். ஆகவே தள்ளியது எத்தனை, எந்தக் காரணத்துக்கு எத்தனை என்று அந்த மேசையில் ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மேசைக்குக் கட்சிகள் வழக்கமாக அனுப்புவது அனுபவமே இல்லாத பையனை. கருவி மேசையில்தான் பரபரப்பு இருக்கிறதாம்.

தோற்றபின்னும் சில கதவுகள் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் தீர்ப்பின்படி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டுச் செலவையும் ஏற்றால், சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவீதக் கருவிகளைச் சோதிக்கலாம். எந்தக் கருவி என்று சாவடியையோ வரிசை எண்ணையோ சொல்ல வேண்டும். எந்தச் சாவடி என்று எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனுவுக்கு 45 நாள். அதற்கும் இதே கேள்வி.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் வேட்பாளரோ அவரது தலைமை ஏஜென்டோ கையெழுத்திட்ட ஏஜென்ட் நியமனப் படிவம் 10 முதல் நாள் இரவே கையில் இருக்கட்டும். அன்று காலையில் யாரையும் தேடிக் கிடைக்காது. இரண்டாவது ஆளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், பெயரோடு அவர் ஃபோன் நம்பரையும். மதியம் இரண்டு மணி நேரம் அவர் உட்காரட்டும், நீங்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டுத் திரும்புங்கள். 17சி நகலை அன்று இரவே ஒரு பிரதி எடுத்து, மூலத்தை ஒன்றியச் செயலாளரிடம் கொடுத்தால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். தொலைவது பெரும்பாலும் சாவடியில் இல்லை, அவரது கார் டேஷ்போர்டில்தான். எண்ணும் மேசைக்கும் உங்களையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் படிவம் 18, புகைப்படத்தோடு, எண்ணும் நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பட்டியல் தயாரிப்பவர் கடைசி நாள்வரை இழுத்தடிப்பார், நீங்கள் இப்போதே படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

விகிதாசாரம் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.